ஷத்ரஞ்ச் ஆடுபவரின் சாட்சியம் ஏற்கப்படுமா?



சென்ற ஷவ்வாலில் மதரஸா திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. இஷாவுக்குப் பின் மாடிக்குச் சென்றபோது இரண்டு மாணவர்கள் விளக்கடியில் எதிரெதிரே குனிந்து அமர்ந்திருந்தார்கள். ஸலாம் சொன்னேன். பதில் வரவில்லை. அருகில் போய் நின்ற பிறகுதான் இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். மறுநாள் ஸுப்ஹுடைய முதல் ஸஃப்பில் இருவரையும் காணோம்.

அவர்களுக்கிடையே இருந்தது ஓர் ஆட்டம். துபாயிலிருந்து அண்ணன் வாங்கி வந்ததாம். கையடக்கமான ஒரு துணிப்பை. அதற்குள் அறுகோண வடிவில் கனத்த 22 வில்லைகள், ஒருவருக்குப் பதினொன்று வீதம். ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சியின் உருவம்: தேனீ, எறும்பு, சிலந்தி, வண்டு, வெட்டுக்கிளி. ‘ஹைவ்’, அதாவது தேன்கூடு, என்பது இதன் பெயர். ஜான் யியானி என்பவர் வடிவமைத்து 2001-இல் வெளிவந்தது. இதற்குப் பலகை கிடையாது. வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்க அடுக்க அவையே ஆடுகளமாகிவிடும். பகடையும் கிடையாது. எதிராளியின் ராணித் தேனீயை ஆறு பக்கமும் அடைத்துவிட்டால் வெற்றி.

“இது ஹராம், எடுத்து வை” என்று பையை வாங்கிக்கொண்டேன். அவர்களில் இளையவன் தலையைக் குனிந்தபடியே, “ஹஜ்ரத், இதற்குத் தலீல் என்ன?” என்று கேட்டான். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. எந்தச் சட்டத்துக்கும் ஆதாரம் கேள் என்று வகுப்பில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நர்து பற்றிய ஹதீஸ் வாய்வரை வந்தது. ஆனால் நர்து பகடை உருட்டி ஆடுவது. இதில் பகடையே இல்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு அறைக்குத் திரும்பி நூல்களைத் திறந்தேன். ஒரு நாள் என்றது மூன்று வாரமாயிற்று. நம் முன்னோர் இதே கேள்வியை வேறோர் ஆட்டத்தை முன்வைத்துக் கேட்டு, பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். அந்த ஆட்டம் ஷத்ரஞ்ச்.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியில் அதுவே ஷத்ரஞ்ச். பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்த ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில்தான் அரபுகளிடையே அது பரவியது. இன்றைய சதுரங்கத்தைவிட நிதானமான ஆட்டம் அது. இன்று ராணி என்று நாம் அழைக்கும் காய் அன்று ‘ஃபிர்ஸான்’, அமைச்சர். மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். யானை இரண்டு கட்டம் தாவும். துணியிலோ தோலிலோ கோடு போட்டு, சுருட்டி எடுத்துச் செல்லலாம். கட்டங்களுக்குக் கறுப்பு வெள்ளை அடிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

நர்து வேறு. அதுவும் பாரசீகத்திலிருந்து வந்ததே. ஆனால் அங்கே காயை நகர்த்துவது பகடையில் விழும் எண். நர்து ஆடுபவர் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கையைத் தோய்த்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் புரைதா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நர்து ஆடியவர் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மாறு செய்துவிட்டார் என்ற கருத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவிப்பது முவத்தாவிலும் அபூதாவூதிலும் உண்டு. ஷத்ரஞ்ச் குறித்தோ, நபி (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியான ஹதீஸ் எதுவும் இல்லை என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் கூற்று. அவர்கள் காலத்துக்குப் பின்னரே அரேபியாவுக்குள் வந்த ஆட்டம் என்பதால் இதில் வியப்பில்லை. இன்று கைப்பேசிகளில் சுற்றிவரும் “ஷத்ரஞ்ச் ஆடுபவன் சபிக்கப்பட்டவன்” என்பது போன்றவற்றை நபிமொழி என்று பரப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைத் தடுக்கும் ஆர்வத்தில் நபியின் பெயரால் பொய் சொல்வது அந்த ஆட்டத்தைவிடப் பெரிய பாவம்.

ஸஹாபாக்களிடமிருந்து வரும் செய்திகள் கடுமையானவை. ஷத்ரஞ்ச் ஆடிக்கொண்டிருந்த சிலரை அலீ (ரழி) கடந்து சென்றபோது, இப்ராஹீம் (அலை) தம் சமூகத்தாரின் சிலைகளைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை, நீங்கள் கவிழ்ந்து கிடக்கும் இந்த உருவங்கள் என்ன என்ற பொருளில், அவர்களிடம் கேட்டதாக பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு என்றாலும், ஷத்ரஞ்ச் குறித்து வந்தவற்றில் இதுவே வலுவானது என்று இமாம் அஹ்மத் (ரஹ்) கருதினார்கள். ஷத்ரஞ்ச் நர்தைவிட மோசமானது என்று இப்னு உமர் (ரழி) கூறியதாகவும் வருகிறது.

ஆனால் அடுத்த தலைமுறையின் பெரும் ஆலிமான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) ஷத்ரஞ்ச் ஆடியிருக்கிறார்கள். அதுவும் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, எதிராளி எந்தக் காயை எங்கே வைத்தார் என்று கேட்டுக் கேட்டு மனத்திலேயே ஆடியதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 95-இல் ஹஜ்ஜாஜின் வாளுக்கு ஷஹீதான அதே ஸஈத்தான். ஹஜ்ஜாஜ் தம்மைக் காழியாக்கிவிடுவானோ என்று அஞ்சி, அந்தப் பதவிக்குத் தகாதவராகத் தோன்றவே இதைக் கையிலெடுத்தார்கள் என்று ஷாஃபிஈ ஃபகீஹ்கள் சிலர் விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் உண்மையானால், ஷத்ரஞ்ச் ஆடுவது காழியின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அன்றே மக்களிடம் இருந்தது என்றாகிறது.

உமையா ஆட்சிக் காலத்து மக்காவைப் பற்றி ஒரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீயின் ‘அல்அகானீ’யில் வருகிறது. (அது இலக்கியத் தொகுப்பு, ஹதீஸ் நூலின் உறுதியை அதில் தேடக் கூடாது.) அப்துல் ஹகம் இப்னு அம்ர் என்னும் ஜுமஹ் குலத்தவர் மக்காவில் ஒரு வீட்டை ஏற்படுத்தியிருந்தார். அதில் ஷத்ரஞ்ச் பலகைகள், நர்துப் பலகைகள், கிர்க் பலகைகள், கூடவே எல்லாக் கலைகளையும் பற்றிய ஏடுகள். சுவரில் வரிசையாக முளைகள். வருபவர் மேலாடையை ஒரு முளையில் மாட்டிவிட்டு, விரும்பினால் ஓர் ஏட்டை எடுத்துப் படிப்பார். விரும்பினால் யாருடனாவது ஆடுவார். நூலகமும் ஆட்டக்கூடமும் ஒரே கூரையின் கீழ், அதுவும் கஅபா இருக்கும் ஊரில். இதை ஆதாரமாகக் காட்டி எவரும் ஃபத்வா கொடுக்கப் போவதில்லை. ஆயினும் அந்த முளைகளில் தொங்கிய மேலாடைகளை என்னால் கண்முன் காண முடிகிறது.

அப்பாஸிய பக்தாதில் ஷத்ரஞ்ச் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்அத்லீ அதற்கென்றே நூல் எழுதினார். கலீஃபா முதவக்கிலின் முன்னிலையில் அர்ராஸீ என்பவர் அவரை வென்றார். இவர்கள் எல்லோரையும் மறக்கச் செய்தவர் அபூபக்ர் அஸ்ஸூலீ. கலீஃபா முக்தஃபீக்கு அல்மாவர்தீ என்றோர் ஆட்டக்காரர் மீது பெருமதிப்பு (ஃபிக்ஹ் அறிஞரான மாவர்தீ வேறு). அவரைக் கலீஃபாவின் கண்ணெதிரிலேயே ஸூலீ தோற்கடித்தார். ஸூலீ வெறும் ஆட்டக்காரர் அல்லர். வரலாற்றாசிரியர், கவிதைகளைத் தொகுத்தவர், பிற்காலக் கலீஃபா ராழீக்கு இளமையில் ஆசிரியர். ஹிஜ்ரி 335 வாக்கில் பஸராவில் இறந்தார். மூன்று நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் பெயர் மக்களின் நாவில் இருந்தது. ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்தவரே ஸூலீதான் என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதாக இப்னு கல்லிகான் குறைப்பட்டு, அது தவறு என்று திருத்துகிறார். கண்டுபிடித்தவராக ஸிஸ்ஸா என்னும் இந்தியரைச் சொல்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று பரிசு கேட்ட கதை அங்கேதான் வருகிறது. அந்தப் பரிசை அரசரால் கொடுக்க முடியாமற்போனது என்பதை இப்னு கல்லிகானே முதலில் நம்பவில்லையாம். இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த ஒரு கணக்கர் எழுதிக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். 64 கட்டங்களுக்கும் சேர்த்து வரும் தொகை 18,446,744,073,709,551,615.

இறையியல் அறிஞர்களும் இதை விடவில்லை. நர்தைக் கண்டுபிடித்தவர் மனிதனுக்குச் சுயவிருப்பமே இல்லை என்னும் ஜபரிய்யாக் கொள்கையர் என்றும், ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்தவர் மனிதனுக்குச் செயலாற்றலும் தேர்வும் உண்டு என்னும் கொள்கையர் என்றும் சிலர் பேசிக்கொண்டதை மஸ்ஊதீ எழுதி வைத்திருக்கிறார். இரண்டுமே நம் அஹ்லுஸ் ஸுன்னாவின் அகீதா அல்ல என்பது வேறு விஷயம்.

காய்களின் வடிவமும் கவனிக்கத் தக்கது. ஸமர்கந்தின் பழைய நகரான அஃப்ராஸியாபில் கிடைத்த ஆரம்ப காலக் காய்கள் தந்தத்தில் செதுக்கிய போர்வீரர்கள், விலங்குகள். நீஷாபூரில் செய்யப்பட்டு, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 12-ஆம் நூற்றாண்டுக் காய்களோ மெருகிட்ட சிறு குமிழ்கள். யானைக்கு இரண்டு மேடுகள். அவை தந்தங்களைக் குறிப்பவை. குதிரைக்கு முன்புறம் ஒரு முக்கு. உயிருள்ளவற்றின் உருவில் காய்கள் அமைந்தால் ஆடுவதே ஹராம் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுவதையும், அலீ (ரழி) கேட்ட கேள்வியையும் நினைத்துப் பார்த்தால், முஸ்லிம் கைவினைஞர்கள் ஏன் அந்தப் பாதையில் போனார்கள் என்பது விளங்கும். என் மாணவனின் பையிலிருந்த பூச்சிகளை அன்றிரவு மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வி இங்கும் எழத்தான் செய்கிறது. வில்லையில் வெறும் புள்ளியோ கோடோ இருந்தாலும் ஆட்டம் மாறிவிடப் போவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஷத்ரஞ்சை ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூலில் தேடுபவர் சூதாட்டத்தின் பாடத்தைப் புரட்டிப் பயனில்லை. அது ‘கிதாபுஷ் ஷஹாதாத்’தில், சாட்சியங்களின் பாடத்தில் இருக்கிறது. காழியின் முன் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் ஷத்ரஞ்ச் ஆடுபவர். அவர் சொல்லை நம்பி ஒருவரது சொத்தையோ உயிரையோ தீர்மானிக்கலாமா? ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடுபவரைப் பார்க்கும் கேள்வி இது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ‘அல்உம்மு’வில் இதற்குத் தரும் பதிலைப் போன்ற நுட்பமான மனித ஆய்வை நான் அதிகம் படித்ததில்லை. ஷத்ரஞ்சைத் தாம் விரும்புவதில்லை, மார்க்கப் பற்றும் கண்ணியமும் உள்ளோரின் செயல் அல்ல அது என்கிறார்கள். ஆனாலும் நர்தைவிட இலேசானது, ஆடியதற்காக மட்டும் சாட்சியம் தள்ளப்படாது. ஆட்டத்தில் மூழ்கித் தொழுகையின் நேரத்தைத் தவறவிட்டு, அதுவே திரும்பத் திரும்ப நடந்தால் தள்ளப்படும். இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: அவர் வேண்டுமென்று விடவில்லையே, ஆட்டத்தில் மறந்துதானே போனார், மறதிக்குக் குற்றம் உண்டா? அதற்கு இமாம் சொல்லும் பதிலின் சாரம் இது: மறதியைத் தரும் ஆட்டத்துக்கு அவர் மீண்டும் போகாதிருக்கட்டும். அது தம்மை மறக்கச் செய்கிறது என்று அனுபவத்தில் அறிந்த பிறகும் போனால், அது மறதியல்ல; தொழுகையை இலேசாகக் கருதுவது.

முதல் தடவை மன்னிக்கப்படுகிறது. இரண்டாம் தடவைக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது. இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் இந்த மத்ஹபின் முடிவை ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள்: நர்து ஹராம், ஷத்ரஞ்ச் மக்ரூஹ், இரு தரப்பும் பணம் வைத்தால் சூது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில், ஆகுமான செயலும் விடாமல் தொடர்ந்தால் கடும் வெறுப்புக்குரியதாகிவிடும் என்பதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது ஷத்ரஞ்சைத்தான்.

மற்ற மூன்று மத்ஹபுகளும் இதைவிடக் கண்டிப்பானவை. ஷத்ரஞ்சில் நன்மை ஏதுமில்லை என்றார்கள் இமாம் மாலிக் (ரஹ்). ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’ ஷத்ரஞ்ச், நர்து, ‘பதினான்கு’ என்னும் ஆட்டம் ஆகியவற்றை ஒன்றாகவே மக்ரூஹ் என்கிறது. ஹனஃபீ நூல்களில் மக்ரூஹ் என்று பொதுவாகச் சொன்னால் அது ஹராமை நெருங்கியது என்பது தெரிந்ததே. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஓர் அறிவிப்பில் இதை அனுமதித்ததாக ‘துர்ருல் முக்தார்’ குறிப்பிட்டாலும் மத்ஹபின் முடிவு அதுவன்று. ஹிதாயாவில் இன்னொரு செய்தி உண்டு. ஆடிக்கொண்டிருப்போருக்கு ஸலாம் சொல்லலாமா? அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) கூடாது என்றார்கள். அது அவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சொல்லலாம் என்றார்கள். பதில் சொல்லும் அந்த ஒரு கணமாவது அவர்கள் அதிலிருந்து திரும்பட்டுமே என்று.

இந்த விவாதத்தின் மறுகோடியில் நிற்பவர் இப்னு தைமிய்யா (ரஹ்). ஹிஜ்ரி 728-இல் மறைந்த அவர், ஷத்ரஞ்ச் நர்தைவிடத் தீங்கானது என்று வாதிட்டார். பகடையை உருட்டுபவனின் உள்ளம் ஓய்வாக இருக்கிறது. ஷத்ரஞ்ச் ஆடுபவனோ, தான் என்ன செய்யலாம், எதிரி என்ன செய்வான், அதற்குத் தான் என்ன செய்வது என்று உள்ளம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறான். பசியையும் தாகத்தையும் வந்தவரையும் உணர்வதில்லை. எழுந்து தொழுகைக்குப் போனாலும் காய்கள் கூடவே வருகின்றன. அதை மதுவின் போதையோடு ஒப்பிட்டார். நான் ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்தவன். அவர் முடிவு என் முடிவு அல்ல. ஆனால் மாடியில் என் ஸலாமுக்குப் பதில் வராத அந்தக் கணத்தை அவர் வாதத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிந்தனையால் ஆடப்படுவது என்பதற்காகவே ஷாஃபிஈக்கள் ஷத்ரஞ்சை நர்திலிருந்து பிரித்தார்கள். அதே சிந்தனையைக் காரணம் காட்டியே இப்னு தைமிய்யா அதை நர்தைவிடக் கீழே வைத்தார். இருவரும் ஒரே பண்பைத்தான் பார்த்தார்கள்.

ஷத்ரஞ்சும் அல்லாமல் நர்தும் அல்லாமல் வரும் ஆட்டங்களை என்ன செய்வது? இதுவும் நமக்கு முன்பே கேட்கப்பட்டது. மக்காவின் அந்த வீட்டிலிருந்த ‘கிர்க்’, கோடு கிழித்துக் கற்களை நகர்த்தும் ஆட்டம். அல்அந்தலுஸ் வழியாக ஸ்பெயினுக்குப் போய் ‘அல்கெர்க்கே’ ஆனது. அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ 1283-இல் முடித்த ஆட்டங்களின் நூலில் வரைபடத்தோடு இருக்கிறது. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டம் அந்நியமாகத் தோன்றாது. ‘பதினான்கு’ என்பது குழிகளில் சிறு கற்களை இட்டு ஆடுவது. நம் பல்லாங்குழியின் இனம். இவற்றை நர்தோடு சேர்ப்பதா, ஷத்ரஞ்சோடு சேர்ப்பதா என்று ஷாஃபிஈ அறிஞர்களிடையே இரு கருத்துகள் இருந்தன. ஹிஜ்ரி 623-இல் மறைந்த இமாம் ராஃபிஈ (ரஹ்) ஓர் அளவுகோல் தந்தார்கள்: பகடையைச் சார்ந்தது நர்தைப் போன்றது, சிந்தனையைச் சார்ந்தது ஷத்ரஞ்சைப் போன்றது. பின்வந்த இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) போன்றோரும் இதே வழியில் சென்றார்கள். எண்ணூறு ஆண்டுக்கு முன் சொல்லப்பட்ட அந்த அளவுகோலில், ஷாஃபிஈ மத்ஹபின்படி, 2001-இல் வந்த தேன்கூடும் அடங்கிவிடுகிறது.

நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபீ. அன்று மாடியில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரில் ஒருவன் கடற்கரையான், மற்றவன் உள்நாட்டான். ஒரே ஆட்டத்தில் இருவருக்கும் இரண்டு சட்டம்! வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஹனஃபீ மாணவன் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்றைப் பற்றி முடிவு சொல்ல அதை முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் உஸூலின் பாலபாடம். ஆகவே அந்த இளையவனை ஒரு நாள் அஸருக்குப் பின் அறைக்கு அழைத்து, எப்படி ஆடுவது என்று காட்டச் சொன்னேன். எறும்பு கூட்டின் விளிம்பைச் சுற்றி எவ்வளவு தூரமும் போகும். வண்டு பிறவற்றின் மேல் ஏறும். எந்த வில்லையை எடுத்தாலும் கூடு இரண்டாகப் பிரிந்துவிடக் கூடாது. விதிகள் எளியவை. முதல் ஆட்டத்தில் சீக்கிரமே தோற்றேன். இரண்டாவதில் அவன் ராணியை ஐந்து பக்கம் அடைத்துவிட்டேன். ஆறாவது பக்கத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. சக ஆசிரியர். மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது, இகாமத்துக்கு நேரமாகிறது என்றார். வாசலில் நின்று இரண்டு முறை ஸலாம் சொன்னாராம்.

தொழுதுவிட்டு வந்து, அல்உம்முவின் அந்தப் பகுதியை மாணவனுக்குப் படித்துக் காட்டினேன். முதல் மறதி, இரண்டாம் மறதி. அவன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வில்லைகளை எண்ணிப் பையில் போட்டு என்னிடமே நீட்டினான். “ரமழான் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் ஹஜ்ரத்” என்றான். என் அலமாரியில் வைக்கப் போனேன். “அங்கே வேண்டாம், ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்” என்றான்.

வல்லாஹு அஃலம்.